நாட்குறிப்பில் இருக்கும் இடமும் படை நின்ற இடமும்

பழைய இராணுவ வரைபடங்களை இன்றைய வரைபடத்தோடு பொருத்திக் கொடுப்பது என் வேலை. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் இருந்த தாத்தா எங்கே நின்றார் என்று தேடும் குடும்பங்களும் வருவார்கள், ஆய்வாளர்களும் வருவார்கள். பலர் கையில் ஏற்கெனவே ஒரு புள்ளி இருக்கும். ஃபோனைத் திறந்து, எகிப்தியப் பாலைவனத்தின் நடுவே ஒரு சிவப்புக் குறியைக் காட்டி, "இங்கேதான் அவருடைய பட்டாலியன் இருந்தது" என்பார்கள். ஒவ்வொரு படைப்பிரிவும் அன்றாடம் எழுதிவைத்த அதிகாரப்பூர்வப் பதிவான போர் நாட்குறிப்பின் ஒரு பக்கத்தில், வரைபடத்தில் இடத்தைச் சுட்டும் ஆறு இலக்க எண் இருந்திருக்கும். அதை யாரோ ஒரு செயலியில் போட்டு மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அந்தக் குறி தவறாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எகிப்தில் பிரிட்டிஷ் தரப்பும் ஜெர்மன்-இத்தாலியப் படைகளும் மோதிய, எனக்கு நன்கு தெரிந்த 1942 ஜூலை எல் அலமெய்ன் சண்டைகளை வைத்து, ஏன் என்று சொல்கிறேன்.

பிரிட்டிஷ், இந்திய, நியூசிலாந்துப் படைகள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே படிவத்தில்தான் நாட்குறிப்பு எழுதின. இடம், தேதி, நேரம், நிகழ்ச்சிச் சுருக்கம், இணைப்புகள் என்று பத்திகள் இருக்கும். இடம் என்ற பத்தியில் இருப்பது தலைமையகம் நின்ற இடம். எழுதும் அதிகாரி அங்கேதான் உட்கார்ந்திருப்பார். பட்டாலியனின் கம்பெனிகள் அங்கிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும். உங்கள் தாத்தா சுபேதாராக ஒரு கம்பெனியில் இருந்திருந்தால், அந்த எண் அவர் நின்ற இடத்தைச் சொல்லாது.

அப்புறம், அந்த எண்ணே ஒரு சிக்கல். எகிப்தின் மேற்குப் பாலைவனத்துக்கு அன்று பயன்பட்டது 'ஊதாப் பட்டை' என்ற வரைபடக் கட்ட அமைப்பு. கிழக்கே அதை அடுத்து இருந்தது 'சிவப்புப் பட்டை'. இரண்டுக்கும் தொடக்கப் புள்ளி வேறு. ஆறு இலக்க எண் நூறு மீட்டர் சதுரம் ஒன்றைக் காட்டும். ஆனால் அதே எண் நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வரும். எந்தத் தாளைப் பார்த்து எழுதினார்கள் என்று தெரியாமல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால், படையைக் கொண்டுபோய் கடலில்கூட நிறுத்திவிடலாம். சரியான பட்டையைப் பிடித்தாலும் வேலை முடியாது. அந்த வரைபடங்கள் 1907-இன் பழைய எகிப்திய அளவை அடிப்படையில் அமைந்தவை. இன்றைய ஜிபிஎஸ் அடிப்படைக்கு மாற்றாமல் அப்படியே வைத்தால், அலமெய்ன் பகுதியில் கிழக்கு-மேற்காக மட்டும் நூறு மீட்டருக்கு மேல் விலகும். பதுங்குகுழியைத் தேடிப் போகிறவருக்கு அது பெரிய தூரம்.

இதெல்லாம் கணக்குப் பிழை, திருத்திவிடலாம். கடினமானது வேறு. எழுதியவருக்கே தான் எங்கே இருக்கிறோம் என்று உறுதியாகத் தெரியாது.

அலமெய்ன் போர்முனையின் நடுவே இருக்கும் ருவைசாத் மேட்டை 'மேடு' என்று சொல்கிறோம். சுற்றியுள்ள தரையிலிருந்து அது எழும்பும் உயரம் மிகக் குறைவு. அதன்மேல் உள்ள 63, 64 என்ற புள்ளிகளின் பெயர், கடல் மட்டத்திலிருந்து மீட்டரில் அவற்றின் உயரம், அவ்வளவுதான். வரைபடத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் 'அலம்' அங்கே யாரோ குவித்த கற்குவியலாக இருக்கும். 'பிர்' பழைய நீர்த்தொட்டி. 'டெய்ர்' லேசான பள்ளம். மரமோ கோபுரமோ எதுவும் கிடையாது. பகலில் சூரியத் திசைகாட்டியும் வண்டியின் மைல் கணக்கும் கைகொடுத்தன. இரவில் காந்தத் திசைகாட்டியை வைத்துக் காலடி எண்ணி நடந்தார்கள்.

1942 ஜூலை 14 இரவு நியூசிலாந்தின் 4, 5-ஆவது பிரிகேடுகளும் (பிரிகேட் என்பது சில பட்டாலியன்கள் சேர்ந்தது), அவற்றுக்குக் கிழக்கே 5-ஆவது இந்திய பிரிகேடும் அந்த மேட்டை நோக்கி நடந்தன. அமாவாசை கழிந்து ஓரிரு நாள்தான், நிலவே கிடையாது. நியூசிலாந்துக்காரர்கள் கடக்க வேண்டிய தூரம் ஏறக்குறைய ஆறு மைல். வழியில் கண்ணிவெடியும் இயந்திரத் துப்பாக்கியும் வர, கம்பெனிகள் சிதறின. சில எதிரிக் கூட்டங்களை இருட்டில் தாண்டியே போய்விட்டார்கள். விடிந்தபோது மேட்டில் இருந்தார்கள், ஆனால் மேட்டின் எந்தப் பகுதியில் என்பது ஒவ்வொரு பட்டாலியனின் நாட்குறிப்பிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. அவற்றில் உள்ள எண்களை அப்படியே வரைபடத்தில் இட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், சில இடைவெளிகளில் யாருமே இருக்க மாட்டார்கள்.

அந்த இடைவெளிகள் உயிர் குடித்தவை. இருட்டில் கவனிக்காமல் தாண்டி விடப்பட்ட ஜெர்மன் டாங்கிகள் விடியலில் பின்பக்கத்திலிருந்து வந்து நியூசிலாந்தின் 22-ஆவது பட்டாலியனைச் சூழ்ந்து, முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சிறைபிடித்தன. துணைக்கு வரவேண்டிய பிரிட்டிஷ் டாங்கிகளைக் காணவில்லை. 5-ஆவது நியூசிலாந்து பிரிகேடின் தளபதி கிப்பன்பெர்கர் தானே ஒரு கேரியர் வண்டியில் ஏறி, பின்னால் போய் அவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. மாலையில் 4-ஆவது பிரிகேடின் தலைமையகமும் வீழ்ந்தது. யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்ற கேள்விக்கு இங்கே பழியும் கௌரவமும் ஒட்டியிருக்கின்றன. நாட்குறிப்புகளும் பின்னால் எழுதப்பட்ட கடிதங்களும் அந்தச் சூட்டிலேயே எழுதப்பட்டவை. ஒரு தரப்பின் பக்கத்தை மட்டும் வாங்கிப் படம் வரைகிறவர், தெரியாமலேயே அந்த வழக்கில் ஒரு கட்சி சேர்ந்துவிடுகிறார்.

பதிவில் உள்ள நேரத்தை எப்படிப் படிப்பது என்று நான் கற்றுக்கொண்டது ஒரு பிழையால். ஆரம்ப நாட்களில் ஒரு பீரங்கிப் படையை மேட்டின் தவறான பக்கத்தில் நிறுத்திவிட்டேன். பதிவில் மாலை 5 மணி என்று இருந்தது. அது பீரங்கிகள் அங்கே இருந்த நேரம் அல்ல, செய்தி தலைமையகத்துக்கு வந்துசேர்ந்த நேரம். செய்தி வந்துசேர்வதற்குள் அவை வேறிடம் போய்விட்டிருந்தன. அந்தப் படத்தை நம்பி ஒருவர் ஒரு கட்டுரையே எழுதிமுடித்திருந்தார், அவரிடம் சொல்லித் திருத்தச் சொன்னது எனக்கு இன்றும் வலிக்கிறது. இரண்டு தரப்பும் ஒரே கடிகாரத்தில் ஓடின என்றும் நினைக்கக் கூடாது. ஒரு மணி நேர வேறுபாடு எளிதில் வரும். இப்போதெல்லாம் இரு தரப்பும் பார்த்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறேன்: சூரிய உதயம், நிலவு எழுந்த நேரம், ஒரு பெரிய விமானத் தாக்குதல். அதில் இரண்டு நாட்குறிப்புகளையும் கட்டிவிட்டு மற்றதைப் பார்ப்பேன்.

ஜெர்மன் ஆவணங்களில் இன்னொரு பூட்டு உண்டு. வானொலியில் இடத்தைச் சொல்ல அவர்கள் 'தாக்குகோடு' என்ற முறையைப் பயன்படுத்தினார்கள். வரைபடத்தில் இரண்டு புள்ளிகளை இணைத்து ஒரு கோடு. அதில் இத்தனை தூரம் போய், வலமோ இடமோ இத்தனை தூரம். அன்றைக்கு எந்தக் கோடு என்று தெரியாவிட்டால் அந்த எண்களால் பயன் இல்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்க வைப்பது வெற்றுப் பக்கம்தான். 1942 ஜூலை 1 அன்று டெய்ர் எல் ஷெய்ன் பள்ளத்தில் 18-ஆவது இந்திய பிரிகேட் இருந்தது. ஈராக்கிலிருந்து அவசரமாக வரவழைக்கப்பட்ட படை. 2/5 எஸ்ஸெக்ஸ், 4/11 சீக்கியர், 2/3 கூர்க்கா என்பவை அதன் மூன்று பட்டாலியன்கள். இந்த முகாம் அங்கே இருப்பது ஜெர்மன் தளபதி ரோம்மெலின் படைக்குத் தெரியாது. அவர்கள் எதிர்பார்த்தது சற்று மேற்கே, டெய்ர் எல் அப்யதில். பகல் முழுக்க நடந்த சண்டையில், அன்று கிளம்பிய ஐம்பத்தைந்து டாங்கிகளில் பதினெட்டை ஜெர்மானியர் இழந்தார்கள். மாலைக்குள் பிரிகேட் அழிந்தது. ஆனால் கிழக்கே இருந்தவர்களுக்கு ஒரு நாள் கிடைத்தது.

நசுக்கப்பட்ட படையில் காகிதமும் எரியும், எழுதுகிறவரும் கைதாவார். அதனால், நாள் முழுக்கச் சும்மா இருந்த படைக்கு நான்கு பக்கம் குறிப்பு இருக்கும், செத்து மடிந்த கம்பெனிக்கு ஒரு வரிகூட இருக்காது. நாட்குறிப்பில் இல்லை என்பதால் அங்கே ஆளில்லை என்று படத்தை வெறுமையாக விடாதீர்கள். அந்த இடத்தை அடித்தவனின் நாட்குறிப்பில் தேடுங்கள். பக்கத்துப் படையின் பதிவில், "மேற்கே பலத்த புழுதி, பீரங்கிச் சத்தம்" போன்ற ஒரு வரியில் தேடுங்கள். சிறையிலிருந்து திரும்பியவர்கள் பின்னால் எழுதிக் கொடுத்தவற்றையும் பாருங்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கு ஒன்று. 4-ஆவது இந்திய டிவிஷனோடு மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற இராணுவப் பொறியாளர் படையின் கம்பெனிகள் அந்தப் பாலைவனத்தில் இருந்தன. சாப்பர்ஸ் கம்பெனி ஒரே இடத்தில் இருந்ததே இல்லை. அதன் ஒரு சிறு பிரிவு, அதாவது ஒரு செக்ஷன், ஒரு பிரிகேடோடு கண்ணிவெடி புதைக்கும், இன்னொன்று தண்ணீருக்காக ஒரு பிர்ரைத் தோண்டும். கம்பெனி நாட்குறிப்போடு நிற்காமல், அந்த செக்ஷன் சேர்ந்திருந்த பிரிகேடின் நாட்குறிப்பையும் பாருங்கள். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: கண்ணிவெடி புதைத்தவர்கள் அதன் படத்தை அளந்து வரைய வேண்டியிருந்தது. அந்தப் படம் நாட்குறிப்போடு தப்பிப் பிழைத்திருந்தால், அந்த இரவில் யார் எங்கே நின்றார்கள் என்பதற்கு அதைவிட நம்பகமான தாள் எனக்குக் கிடைப்பதில்லை.

நான் இப்போது யாருக்கும் புள்ளி கொடுப்பதில்லை. நிழலிட்ட ஒரு பகுதி, அதன் ஓரத்தில் "விடியலுக்கும் பகல் 11 மணிக்கும் இடையில்" என்பது போல ஒரு குறிப்பு, எந்தெந்த நாட்குறிப்புகள் அதை ஆதரிக்கின்றன, எது மறுக்கிறது என்ற விவரம். சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது, புரிகிறது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எகிப்துக்குக் கிளம்புகிறவர்களிடம் கட்டாயம் சொல்வது இது: எல் அலமெய்ன் சுற்றுவட்டாரத்தில் இரு தரப்பும் புதைத்த கண்ணிவெடிகள் இன்னமும் மண்ணுக்குள் இருக்கின்றன. எண்பது ஆண்டுக் காற்றும் மணலும் சிலவற்றை மூடியிருக்கும், சிலவற்றை நகர்த்தியிருக்கும். பழைய கண்ணிவெடிப் படத்தில் வெறுமையாக இருக்கும் இடம் பாதுகாப்பான இடம் என்று பொருள் இல்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள், அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மேட்டைப் பார்க்க வேண்டுமென்றால், அனுமதி வாங்கி, உள்ளூர் வழிகாட்டியோடு, வண்டித் தடம் விழுந்த பாதையிலேயே போங்கள். நான் நிழலிட்டுக் கொடுத்த பகுதியைத் தூரத்திலிருந்து பாருங்கள், அதற்குள் கால் வைக்க வேண்டாம்.