ஹிப்ஹாப்புக்குள் மேளம் ஏன் முதலில் நுழைந்தது?

பேட்டரி தீரப்போகும் டேப் ரெக்கார்டரில் பாட்டுக் கேட்டவர்களுக்கு இது நினைவிருக்கும். பாட்டு மெல்ல இழுக்க ஆரம்பிக்கும். பாடகியின் குரல் ஆண் குரலாகும், அப்புறம் பூதத்தின் குரலாகும். வயலின்கள் தொய்ந்துபோகும். ஆனால் பின்னால் ஓடும் பாங்கோஸ் என்ற சின்ன ஜோடி மேளம் மட்டும் அவ்வளவு கெட்டுப்போனதாகத் தோன்றாது. கொஞ்சம் கனத்துக் கேட்கும், அவ்வளவுதான். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த ஹிப்ஹாப், உலக இசையில் எதை முதலில் எடுத்துக்கொண்டது, எதற்குக் காத்திருந்தது என்பதை இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே பெருமளவு விளக்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

கூல் ஹெர்க் என்ற பெயரில் அறியப்பட்ட கிளைவ் கேம்பல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். 1967-இல் பிராங்க்ஸுக்கு வந்தார். கிங்ஸ்டன் தெருக்களில் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி, இசைத்தட்டு போட்டு, மைக்கில் ஒருவர் பேசிக்கொண்டே ஆட்டத்தைச் சூடேற்றும் வழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தோடு வந்தவர் அவர். 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில், தங்கை சிண்டி ஏற்பாடு செய்த விருந்தில் தட்டு ஓட்டினார். ஜமைக்காவின் ரெக்கே பாட்டுகள் அந்தக் கூட்டத்திடம் எடுபடவில்லை. அதனால் ஃபங்க் என்ற அமெரிக்க ஆட்ட இசைத் தட்டுகளுக்கு மாறினார். ஜமைக்காவிலிருந்து பிராங்க்ஸுக்குக் குடியேறியது பாட்டு அல்ல, பாட்டைக் கையாளும் முறை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

அந்த விருந்துகளில் ஹெர்க் ஒன்றைக் கவனித்தார். பாட்டின் நடுவே பாடகர் ஒதுங்கி, டிரம்ஸும் பாங்கோஸும் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் ஆடுபவர்கள் துள்ளிக் குதித்தார்கள். அந்தப் பகுதிக்கு ‘பிரேக்’ என்று பெயர். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை டர்ன்டேபிள் எனும் இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் அதே பிரேக்கை ஆரம்பித்தால், பத்து நொடிச் சமாச்சாரத்தைப் பத்து நிமிடத்துக்கு நீட்டிவிடலாம்.

சரி, பிரேக் தொடங்கும் இடத்துக்கு ஊசியை ஒவ்வொரு முறையும் எப்படிக் கொண்டுபோவது? ஹெர்க் கண்ணாலும் கைப்பழக்கத்தாலும் வைத்தார். இதைத் துல்லியமாக்கியவர் பார்படோஸில் பிறந்து, பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் படித்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். தட்டின் மீது கிரேயானால் கோடு போட்டு, சுற்றுகளை எண்ணினார். இதற்குப் பின்னால் எளிய கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. நிமிடத்துக்கு 100 தாள அடி விழும் பாட்டில் நான்கு அடி 2.4 நொடி. பதினாறு அடி கொண்ட பிரேக் 9.6 நொடி, அதாவது 5⅓ சுற்று. அந்தத் தட்டைக் கையால் 5⅓ சுற்று பின்னால் தள்ளினால் பிரேக்கின் வாசலில் நிற்கலாம். தட்டுக்கு அடியில் வழுக்கும் துணி வட்டம் இருப்பதால், மோட்டார் கீழே ஓடிக்கொண்டே இருக்க, தட்டு மட்டும் விரலுக்குக் கட்டுப்படும்.

இரண்டு வேறு பாட்டுகளை ஒட்டும்போதுதான் டேப் ரெக்கார்டர் பூதம் திரும்ப வருகிறது. ஒன்று நிமிடத்துக்கு 110 அடி, இன்னொன்று 119 அடி என்றால், முதல் தட்டை ஏறத்தாழ 8 சதவீதம் வேகமாக ஓட்ட வேண்டும். 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 எம்.கே.2 சுழல்மேடையில் வேகத்தை மாற்றும் சறுக்கி அனுமதித்த எல்லையும் கூட்டியும் குறைத்தும் அதே 8 சதவீதம்தான். ஆனால் பள்ளத்தை ஊசி வேகமாகக் கடந்தால் எல்லா அதிர்வெண்ணும் அதே விகிதத்தில் ஏறும். ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி சுமார் 6 சதவீதம். ஆக, 8 சதவீதம் ஏற்றினால் பாட்டு தன் சுருதியை விட்டு வெளியே போய்விடும், அதுவும் எந்த ஸ்வரத்திலும் நிற்காத இடத்துக்கு. மேலே இன்னொரு மெட்டு ஓடினால் காதில் அபஸ்வரம்தான்.

மேளத்துக்கு ஏன் இந்தத் தொல்லை குறைவு? தந்தியிலும் குழலிலும் எழும் மேல் அதிர்வுகள் அடிப்படை அதிர்வைப்போல 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று முழு எண்களில் அமைகின்றன. காது அவற்றைக் கோத்து ஒரே ஸ்வரமாக உணர்கிறது. சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோலில் அவை 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாமல் விழுகின்றன. மேல், கீழ் என்று சொல்ல முடிந்தாலும் ஸ்வரப் பெயர் சொல்வது கடினம். ஸ்வரம் திடமாக இல்லாததால் அபஸ்வரமும் பெரிதாகக் கேட்காது.

நம் மிருதங்கம் இதற்கு விதிவிலக்கு. வலந்தலையின் நடுவிலுள்ள கரும்பூச்சு தோலின் எடையை மாற்றி, மேல் அதிர்வுகளை முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. இதை 1920-இல் சி. வி. ராமனும் சிவகாளி குமாரும் நேச்சர் இதழில் எழுதினார்கள். பாடகரின் சுருதிக்கு மிருதங்கத்தைச் சேர்க்க முடிவது இதனால்தான். அந்த அழகே, வேகத்தை மாற்றி வேறு பாட்டோடு ஒட்டும்போது இடைஞ்சலாகிவிடும்.

பாங்கோஸுக்கு அந்தக் கட்டு இல்லை. பிராங்க்ஸின் பிரேக்குகளில் மிகவும் கொண்டாடப்பட்ட ‘அப்பாச்சி’யைப் பாருங்கள். மெட்டை எழுதியவர் ஆங்கிலேயரான ஜெர்ரி லார்டன். 1960-இல் ‘தி ஷேடோஸ்’ என்ற பிரிட்டிஷ் குழு கிட்டாரில் வாசித்துப் பிரபலமாக்கியது. 1973-இல் ‘இன்கிரெடிபிள் பாங்கோ பேண்ட்’ வெளியிட்ட வடிவத்தில் பாங்கோஸ் வாசித்தவர் பஹாமாஸைச் சேர்ந்த கிங் எரிஸன். பாங்கோஸோ கியூபாவில் பிறந்த கருவி. இத்தனை கடல் தாண்டி வந்ததில் ஹெர்க் எடுத்துக்கொண்டது மேளம் மட்டும் ஒலிக்கும் அந்தத் துண்டைத்தான்.

மெட்டு வேண்டுமென்றால் வேறு வழி தேட வேண்டியிருந்தது. 1982-இல் பிராங்க்ஸின் இன்னொரு டி.ஜே.யான ஆஃப்ரிக்கா பம்பாட்டாவின் குழு ‘பிளானட் ராக்’ வெளியிட்டபோது, ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1977-இல் தந்த மெட்டைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை. ஜான் ரோபி அதை சிந்தசைசரில் புதிதாக வாசித்தார். அடிகள் ஜப்பானின் ரோலண்ட் டி.ஆர்-808 என்ற மின்னணுத் தாளக் கருவியிலிருந்து வந்தன. அதில் ஒலிப்பதிவே கிடையாது. ஒரு மின்சுற்றைச் சுண்டிவிட்டால் அது ஊஞ்சல் போல அதிர்ந்து அடங்கும், அதுதான் அந்த ஆழமான ‘தூம்’.

அதே காலத்தில் லண்டனைச் சேர்ந்த மால்கம் மெக்லாரன் நியூயார்க் டி.ஜே.க்கள் தட்டைத் தேய்த்து எழுப்பும் ஸ்கிராட்ச்சையும் தென்னாப்பிரிக்காவின் ம்பகாங்கா இசையையும் 1983-இன் ‘டக் ராக்’ ஆல்பத்தில் சேர்த்தார். அந்தக் கிட்டார் இசைக்காக அங்கேயே போய், அந்த ஊர் வாத்தியக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார். கேட்க உற்சாகமாக இருக்கும். ஆனால் அவர்களின் மெட்டுகளுக்குப் பாட்டெழுதியவர்களாகத் தன் பெயரையும் தயாரிப்பாளர் டிரெவர் ஹார்ன் பெயரையும் போட்டுக்கொண்டது அநியாயம். ஒரு பாட்டு வழக்கு வரை போய், வெளியே பேசித் தீர்க்கப்பட்டது.

பிறகு, ஒலித் துண்டுகளைப் பதிவு செய்து திரும்ப ஒலிக்கும் சாம்ப்ளர் கருவி வந்தது. 1987-இன் ஈமு எஸ்.பி-1200-இல் மொத்தமே 10 நொடி ஒலிதான் அடங்கும். அதனால் 33⅓ வேகத் தட்டை 45-இல் ஓட்டிப் பதிவு செய்து, உள்ளே மெதுவாக்கினார்கள். அதே இடத்தில் 1.35 மடங்கு நீளமான ஒலி அடங்கியது, கூடவே கரகரப்பான தடித்த ஓசை. அங்கேயும் வேகமும் சுருதியும் ஒன்றாகவே கட்டப்பட்டிருந்தன. ஒலியைச் சின்னத் துணுக்குகளாக வெட்டி, சுருதி மாறாமல் நெருக்கியோ விரித்தோ அடுக்கும் கணினி முறைகள் பரவிய பிறகுதான் எந்த ஊர் மெட்டும் எந்தத் தாளத்தோடும் எளிதாக அமர்ந்தது.

வேகமும் சுருதியும் பிரியாத இந்தக் கட்டுப்பாட்டையே வாத்தியமாக்கியவர்களும் உண்டு. ஸ்கிராட்ச் என்பது அதுதான்: தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்க்கும்போது வேகம் ஏறி இறங்க, சுருதியும் அதோடு வழுக்குகிறது. ஈழத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த லண்டன் கலைஞர் எம்.ஐ.ஏ. 2007-இன் ‘கலா’ ஆல்பத்துக்காகச் சென்னையில் உறுமி அடிப்பவர்களைப் பதிவு செய்தார். உறுமியில் வளைந்த குச்சி தோலைத் தேய்த்து இழுக்க, அழுத்தம் மாறமாற ஓசை வழுக்கிக்கொண்டே போகும். ஸ்கிராட்ச், உறுமி இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.