ஸ்லஷ் ஃபண்ட்: கப்பல் கொழுப்புல ஆரம்பிச்சு காலேஜ் ஃபுட்பால் வரைக்கும்

ஸ்லஷ் ஃபண்டுங்கிற சொல் ஊழல் நியூஸ்ல அடிக்கடி வரும், நம்மாளுங்க அதை கறுப்புப் பணம்னு போட்டுட்டு அடுத்த பாராவுக்குப் போயிடுவாங்க. ரெண்டும் ஒண்ணில்ல. கறுப்புப் பணம்னா வரி கட்டாம ஒளிச்சு வச்சது. ஸ்லஷ் ஃபண்ட்ல இருக்குறது வரியெல்லாம் கட்டுன அக்மார்க் வெள்ளைப் பணமாக்கூட இருக்கலாம், ஆனா அது எந்த லெட்ஜர்லயும் ஏறாது, யாருக்குப் போகுதுன்னு வெளிய சொல்ல முடியாது, அதான் விஷயமே.

ஸ்லஷ்னா மால்ல கலர் கலரா விக்கிற ஐஸ் ஜூஸ்தான் நமக்கு ஞாபகம் வரும். இது வேற. பாய்மரக் கப்பல் காலத்துல மாலுமிங்களுக்கு சாப்பாடுன்னா உப்பு போட்டு பீப்பாயில அடைச்ச மாட்டுக்கறியும் பன்னிக்கறியும்தான். அதை வேக வைக்கும்போது கொழுப்பு உருகி மேல மிதக்கும், சமையல்காரர் அதை வழிச்சு காலி பீப்பாயில சேர்த்து வைப்பாரு, கொழகொழன்னு இருக்குற அந்தக் கொழுப்புக்குப் பேர்தான் ஸ்லஷ். கொஞ்சத்த பாய்மரத்துல தடவிட்டு மிச்சத்த கரைக்கு வந்ததும் மெழுகுவர்த்தி, சோப்பு செய்றவங்ககிட்ட வித்துடுவாங்க. அந்தக் காசை ஸ்லஷ் ஃபண்டுன்னு சொல்றது 1839லயே அமெரிக்கக் கடற்படை பத்தின எழுத்துல வந்துடுச்சு. சில இடத்துல அது சமையல்காரரோட மேல்வரும்படி, சில இடத்துல மாலுமிங்களுக்கு சின்னச் சின்ன சாமான் வாங்க. இத்தனைக்கும் கொழுப்பு வந்தது மாலுமியோட ரேஷன் கறியில இருந்துதான், இதை மனசுல வச்சுக்கோங்க. அப்புறம் அந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள சொல் அமெரிக்க அரசியலுக்குள்ள நுழைஞ்சு, ஆளுங்கள சரிக்கட்ட கமுக்கமா வச்சிருக்குற காசுக்குப் பேராயிடுச்சு.

இந்தச் சொல் கச்சிதமா வந்து உக்காந்த இடம்னா அமெரிக்க காலேஜ் விளையாட்டுதான். அங்க காலேஜ் ஃபுட்பால்னா நம்ம ஊரு இன்டர் காலேஜ் மேட்ச் மாதிரி நெனச்சுடாதீங்க, லட்சம் பேர் உக்கார்ற ஸ்டேடியம், டிவி உரிமம், கோச்சுக்கு வருஷத்துக்கு பல மில்லியன் டாலர் சம்பளம். ஆடுற பையனுக்கு மட்டும் ரொம்ப காலமா ஸ்காலர்ஷிப், தங்குற இடம், சாப்பாடு, அவ்ளோதான்னு இருந்துச்சு. ஏன்னா அவன் அமெச்சூர், அதாவது காசுக்கு ஆடாதவன். காலேஜ் விளையாட்டுக்கு விதி போடுற, 1906ல ஆரம்பிச்ச என்சிஏஏங்கிற அமைப்பு ரொம்ப காலமா கட்டிக் காத்த விதி இது. 1950கள்ல அதோட தலைமைப் பொறுப்புல இருந்த வால்டர் பையர்ஸ் 'ஸ்டூடண்ட் அத்லெட்'னு ஒரு பேரையே புழக்கத்துல விட்டாரு, அடிபட்ட பையன் தொழிலாளி கணக்குல நஷ்டஈடு கேட்டு கோர்ட்டுக்கு வந்துடக் கூடாதுன்னுதான்.

நல்லா ஆடுற பையன் பத்து காலேஜ் கூப்பிடும்போது எங்க போவான்? மேசைக்கு அடியில காசு வர்ற இடத்துக்கு. அதைக் குடுக்குறவருக்குப் பேர் பூஸ்டர். நமக்கு பூஸ்டர்னா ஆன்டெனாவும் கொரோனா ஊசியும்தான், அங்க அது காலேஜ் டீம் மேல வெறி புடிச்ச பணக்கார பழைய மாணவர், எண்ணெய்க் கம்பெனி ஓனர், ரியல் எஸ்டேட்காரர்.

இதுல ரொம்ப பேமஸ் கேஸ் டல்லாஸ்ல இருக்குற சதர்ன் மெதடிஸ்ட் யுனிவர்சிட்டி, சுருக்கமா எஸ்எம்யூ. 1985ல என்சிஏஏ ஏற்கெனவே தண்டனை குடுத்திருந்துச்சு, அதுக்கப்புறமும் 1985-86 கல்வியாண்டுல 13 பேருக்கு மொத்தம் 61,000 டாலர் போயிருக்கு, ஆளுக்கு மாசம் 50ல இருந்து 725 டாலர் வரைக்கும். 1986 நவம்பர்ல உள்ளூர் டிவி சேனல் ஒண்ணு காலேஜ் அதிகாரிய உக்கார வச்சு, ஒரு வீரர் வீட்டுக்குப் போன தபால் கவரைக் கையில குடுத்து இது உங்க எழுத்தான்னு கேக்குது, மனுஷன் மொதல்ல ஆமாங்கிற மாதிரி சொல்லிட்டாரு, அப்புறம் அப்படியே மாத்திப் பேசுறாரு. பாக்கவே பாவமா இருக்கும். 1987 பிப்ரவரியில டெத் பெனால்டி, அதாவது அந்த சீசன் மொத்தமா ரத்து, அடுத்த சீசனை யுனிவர்சிட்டியே வேணாம்னு விட்டுடுச்சு. 1987 மார்ச்சுல டெக்சாஸ் கவர்னர் பில் க்ளெமென்ட்ஸ் வாயத் திறந்தாரு, முன்னாடி எஸ்எம்யூ நிர்வாகக் குழுத் தலைவரா இருந்தவர், காசு குடுக்குறது தொடரட்டும்னு முடிவு எடுத்ததுல தனக்கும் பங்கு இருக்குன்னு ஒத்துக்கிட்டாரு. காரணம் என்னன்னா பசங்களுக்கு ஏற்கெனவே வாக்கு குடுத்தாச்சாம். ஒரு வகையில நியாயஸ்தர்தான்!

சரி, தமிழ்ல என்ன சொல்றது. கள்ள நிதின்னா கள்ள நோட்டு மாதிரி போலிப் பணம்னு அர்த்தம் போயிடும். கையூட்டு நிதியும் சரிப்படாது, ஏன்னா கையூட்டுன்னா ஒருத்தன் தன் கடமையத் தப்பா செய்ய வாங்குற காசு, இந்தப் பசங்க மேட்ச்ச விட்டுக் குடுக்க வாங்கல, நல்லா ஆடுறதுக்குத்தான் வாங்குனாங்க. ரகசிய நிதி பரவால்ல, ஆனா உளவுத்துறைக்கு அரசாங்கமே சட்டப்படி ஒதுக்குறதையும் அப்படித்தான் சொல்றோம். என்னைக் கேட்டா 'கமுக்க நிதி'. கமுக்கமா வச்சிருக்கான், கமுக்கமா குடுத்தான்னு வீட்லயே பேசுறோம், புதுசா யாருக்கும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. அமெச்சூருக்கு தொழில்முறை சாராதன்னு அகராதி சொல்லுது. லத்தீன்ல அதோட வேர் நேசிக்கிறவன்னு அர்த்தம், அதாவது ஆட்டத்து மேல உள்ள ஆசையில ஆடுறவன். கேக்க அழகாத்தான் இருக்கு, ஆனா டிக்கெட்டும் டிவியும் கோச் சம்பளமும் ஆசையில நடக்கலையே, அங்க ஆசைக்காக ஆடச் சொன்னது ஆடுற பையன் ஒருத்தன் கிட்ட மட்டும்தான். கறி மாலுமியோடது, கொழுப்புக் காசு சமையல்காரருக்குங்கிற அதே கதை.

இதைத்தான் கோர்ட்டும் கேட்டுச்சு. 2021 ஜூன் 21ல, ஆல்ஸ்டன்ங்கிற முன்னாள் வீரர் பேர்ல வந்த வழக்குல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0ன்னு என்சிஏஏவுக்கு எதிரா தீர்ப்பு சொல்லுச்சு, படிப்பு சம்பந்தப்பட்ட சலுகைகளுக்கு மட்டும்தான் அது, ஆனா நீதிபதி கவனா தனியா எழுதுனதுல அமெரிக்காவுல வேற எந்தத் தொழில்லயும் இப்படி கூட்டு சேர்ந்து சம்பளத்த மறுக்க முடியாதுன்னு போட்டுத் தாக்கிட்டாரு. ஜூலை 1ல இருந்து பசங்க தன் பேரு, முகம் வச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு ஆச்சு. 2025 ஜூன்ல, ஹவுஸ்ங்கிற வீரர் பேர்ல வந்த வழக்கோட சமரசத்துல, ஒரு காலேஜே நேரடியா வீரர்களுக்கு முதல் வருஷம் மொத்தமா சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும் பிரிச்சுக் குடுக்கலாம், பழைய பாக்கின்னு 280 கோடி டாலர் தனி.

எஸ்எம்யூவும் திரும்பி வந்துடுச்சு. 2023ல பெரிய கான்ஃபரன்ஸ் ஒண்ணுல, அதாவது காலேஜ் டீம்களோட லீக்ல, இடம் கெடைக்க, ஒன்பது வருஷம் டிவி பணத்துல பங்கு வேணாம்னு சொல்லிட்டு உள்ள போனாங்க, ஒரே வாரத்துல 10 கோடி டாலர் நன்கொடை குவிஞ்சுது, இந்தத் தடவை கமுக்கமா இல்ல, அறிக்கையே விட்டாங்க. ஆனா காலேஜ் குடுக்குறதுக்கு உச்சவரம்பு வச்சிருக்காங்கல்ல, அதனால வெளியாளுங்க போடுற விளம்பர ஒப்பந்தம் 600 டாலரைத் தொட்டாலே ரிப்போர்ட் பண்ணணும்னு விதியும் கூடவே வந்துடுச்சு. பூஸ்டர் விளம்பரம்ங்கிற பேர்ல சம்பளத்த உள்ள தள்ளிடுவாருன்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன.