லீவர் நியூட்ரலில்தான் நிற்கிறது, கியர் எங்கே நிற்கிறது?

“அண்ணே, நியூட்ரல்லதாண்ணே இருக்கு” என்றார் படகு ஓட்டும் தம்பி. பார்த்தேன். லீவர் செங்குத்தாகத்தான் நின்றது. ஆனால் பின்பக்கம் கட்டியிருந்த கயிறு விறைத்துப்போயிருந்தது. அணியம், அதாவது படகின் முன்முனை, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரப் பார்த்தது. இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்க, அடியிலிருந்து டிக்... டிக்... என்று ஒரு சத்தம். இவ்வளவுக்கும் நடுவே ஒரு பையன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு படகின் பின்பலகையில் ஓடு ஓடாக ஒட்டியிருந்த கடல் உயிரியான கொட்டலசைச் சுரண்டிக்கொண்டிருந்தான். புரொப்பல்லரிலிருந்து ஒரு முழ தூரம் இருக்கலாம்.

“முதல்ல இன்ஜினை நிறுத்துங்க தம்பி.”

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வாரங்களில் ஈசிஆர் பக்கம் எனக்கு வரும் வேலையில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கிறது. மழைக்காலம் முழுக்க உப்பங்கழியில் சும்மா கிடந்த படகைக் கூட்டம் வரப்போகிறது என்று அவசரமாக எடுப்பார்கள். இன்ஜினுக்குப் புது ஆயில், புது பிளக், சீட்டுக்குப் புது உறை எல்லாம் ஆகியிருக்கும். லீவரிலிருந்து இன்ஜின் வரை போகும் கியர் கேபிளை மட்டும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

மீன்பிடி வள்ளங்களில் பின்பக்கம் வெளியே மாட்டியிருக்கும் சின்ன இன்ஜின்களுக்கு, அதாவது அவுட்போர்டுகளுக்குப், பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. கியர் கம்பி இன்ஜினின் பக்கவாட்டிலேயே இருக்கும், கையால் நேராகத் தள்ளுவார்கள். ஸ்டியரிங் வைத்த சுற்றுலாப் படகிலும் டைவிங் படகிலும் லீவர் ஒரு மூலை, இன்ஜின் ஒரு மூலை. நடுவில் பல அடி நீளக் கேபிள். முன்னால் நீங்கள் தள்ளியது பின்னால் அதே அளவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அந்தக் கேபிள் கையில்தான் இருக்கிறது.

அடியில், கியர் பெட்டிக்குள் இரண்டு கியர்கள் எப்போதும் எதிரெதிர்த் திசையில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்று முன்னால் போக, ஒன்று ரிவர்ஸுக்கு. இரண்டுமே புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மேல் சும்மா சுழல்பவை. அவற்றுக்கு நடுவே டாக் கிளட்ச் என்று ஒரு உருளை. இரண்டு முகத்திலும் தடித்த பற்கள். அது எந்தக் கியரோடு போய்ப் பல் கோக்கிறதோ அந்தப் பக்கம் புரொப்பல்லர் சுற்றும், நடுவில் நின்றால் நியூட்ரல். காரில் இருப்பதுபோல வழுக்கி வழுக்கிப் பிடிக்கும் கிளட்ச் தகடு இங்கே கிடையாது. பல் முழுசாகக் கோக்க வேண்டும், இல்லையென்றால் முழுசாக விலக வேண்டும்.

கேபிள் சில மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் இந்த இரண்டும் நடக்காது. பல் நுனி மட்டும் பிடிக்கும். ஐடிலில் ஒன்றும் தெரியாது. பாரம் ஏறியதும் துள்ளி வெளியே வரும், திரும்பப் பிடிக்கும், திரும்பத் துள்ளும். கடகடவென்று அடியில் கல் உருட்டுவதுபோல் கேட்கும். ஒவ்வொரு துள்ளலுக்கும் பல்லின் விளிம்பு மழுங்கும். மழுங்கிய பிறகு கேபிளை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் கியர் நிற்காது. பெட்டியைக் கழற்றி டாக் கிளட்சையும் கியரையும் மாற்ற வேண்டியதுதான். அந்தச் செலவில் கேபிள் எத்தனை வாங்கலாம் என்று நான் சொன்னால் உரிமையாளர்கள் முகம் சுருங்கும்.

அன்றைக்கு அந்தப் படகில் செய்ததைச் சொல்கிறேன். சாவியையும், உருவினால் இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச் கயிற்றையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிளக் மூடிகளைக் கழற்றினேன். புரொப்பல்லரில் கை வைக்குமுன் இதைச் செய்யாத மெக்கானிக்கை நான் பக்கத்தில் சேர்ப்பதில்லை.

அடுத்து, கேபிளின் முனையை இன்ஜின் பக்கத்துக் கியர் கம்பியிலிருந்து விடுவித்தேன். இந்த நிலையில் லீவரை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். முனை கழன்ற பிறகும் லீவர் கனமாக இருந்தால் கோளாறு கேபிளில், அல்லது லீவர் பெட்டியில். இலகுவாகிவிட்டால் இன்ஜின் பக்கம் தேட வேண்டும். இதைப் பார்க்காமல் மூன்று மாதத்தில் இரண்டு கேபிள் மாற்றிய படகைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே லீவர் இலகுவாகவே போனது. சரி, அளவுதான் பிசகியிருக்கிறது. ஒரு கையால் புரொப்பல்லரைச் சுழற்றிக்கொண்டே மறு கையால் கியர் கம்பியை நகர்த்தினேன். சுழற்றாமல் கியர் போட்டால் பல்லும் பல்லும் முட்டி நிற்கும், ‘போகவில்லை’ என்று நினைத்து அழுத்தினால் எதையாவது வளைத்துவிடுவோம். இரண்டு பக்கமும் தடையில்லாமல் சுற்றும் இடம்தான் கியருடைய நியூட்ரல். கம்பியை அங்கே நிறுத்தினேன்.

இனி லீவருடைய நியூட்ரல். கேபிளுக்குள் எப்போதும் கொஞ்சம் தொய்வு இருக்கும். அதனால் முன்கியரிலிருந்து நியூட்ரலுக்கு வந்தால் முனை ஓரிடத்தில் நிற்கும், ரிவர்ஸிலிருந்து வந்தால் வேறிடத்தில் நிற்கும். தம்பியை விட்டு இரண்டு விதமாகவும் கொண்டுவரச் சொல்லி, பேனாவால் இரண்டு கோடு போட்டேன். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது கோடு. அதுதான் கணக்கு. முனை அந்தக் கோட்டில் நிற்கும்போது, கேபிள் முனையின் மரையில் ஏறியிருக்கும் ஜாயின்ட்டைத் திருகித் திருகி, அதன் துளை கியர் கம்பியின் ஊசிமேல் தானாக விழும்வரை கொண்டுவர வேண்டும். இழுத்து மாட்டக் கூடாது, தள்ளியும் மாட்டக் கூடாது. சில இன்ஜின்களில் ஜாயின்ட்டுக்குப் பதிலாகக் கேபிள்மேல் உருளும் பித்தளைக் குமிழ் இருக்கும். அங்கே அதைத் திருக வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். நீளம் போதவில்லை என்று ஜாயின்ட்டை மரையின் நுனிவரை கழற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நான் அதிகம் பார்க்கும் யமஹா இன்ஜின்களில் மரை குறைந்தது 8 மி.மீ. உள்ளே ஏறியிருக்க வேண்டும் என்று சர்வீஸ் மேனுவல் சொல்கிறது. அதற்குள் அளவு வரவில்லையென்றால் கேபிளின் நீளமே தவறு. ஜாயின்ட்டைப் பூட்டி நிறுத்தும் லாக் நட்டை இறுக்காமல் இன்ஜின் மூடியைப் போடுவது இன்னொரு பழக்கம். அதிர்விலேயே ஜாயின்ட் தானாகக் கழன்று வரும்.

அந்தப் படகில் யாரோ ஏற்கெனவே திருகியிருந்தது நன்றாகத் தெரிந்தது. முன்கியர் துள்ளுகிறது என்று கேபிளை அந்தப் பக்கமே தள்ளி வைத்திருக்கிறார்கள். முன்கியர் ‘நல்லா’ விழுந்தது, நியூட்ரலிலும் விட்டுப் பிரியாத அளவுக்கு! ரிவர்ஸோ அரைகுறை. படகுக்கு பிரேக் என்று தனியாக எதுவும் இல்லை, துறையில் அணையும்போது ரிவர்ஸ்தான் பிரேக். அது துள்ளினால் ஆள் நிற்கும் மேடைமேல் போய் மோத வேண்டியதுதான். அதனால் கேபிள் வைத்ததும் இரண்டு பக்கமும் புரொப்பல்லரைச் சுழற்றிக்கொண்டே கியர் போட்டுப் பார்ப்பேன். பிடித்தபின் திருப்பினால் இன்ஜினும் சேர்ந்து திரும்பும் கனம் கையில் தெரிய வேண்டும். அப்புறம்தான் தண்ணீரில் கட்டிப்போட்டு ஸ்டார்ட் செய்வது.

கரையில் தண்ணீர்க் குழாய் மாட்டி ஓட்டும்போது நியூட்ரலிலும் புரொப்பல்லர் மெதுவாகச் சுற்றும். அது ஆயிலின் இழுவை, பயப்பட வேண்டாம், கையும் வைக்க வேண்டாம். தண்ணீரில் கட்டிய கயிறு விறைத்தால்தான் வில்லங்கம். நியூட்ரல் இல்லாமல் ஸ்டார்ட் ஆகக் கூடாது என்பதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. ‘ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது’ என்று அந்தச் சுவிட்ச் வேலை செய்யாதபடி அதன் ஒயரை ஒட்டிப்போட்ட படகில் நான் முதலில் அந்த ஒயரைத்தான் பிரிப்பேன். அதற்காகச் சண்டை போட்டவர்களும் உண்டு.

ஓட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘மெதுவா, பதமா’ கியர் போடுவது நல்ல பழக்கம் என்று நினைக்கிறார்கள். இந்தப் பெட்டிக்கு அது விஷம். ஐடிலுக்கு இறங்கும்வரை பொறுத்து, பிறகு டக்கென்று ஒரே தள்ளில் போடுங்கள்.

அன்றைய வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. கயிறு தளர்ந்தது, டிக்டிக் நின்றது. தம்பிக்குச் சந்தோஷம். “அவ்ளோதானாண்ணே?” என்றார். கியர் பெட்டியின் கீழ்த் திருகைக் கழற்றிக் காட்டினேன். அதன் காந்த நுனியில் மயிர்போல மெல்லிய இரும்புத் துகள்கள் பூத்திருந்தன. நடுவே அரிசி நொய் அளவுக்கு ஒரு சில்லு.

உரிமையாளரை போனில் கூப்பிடச் சொன்னேன்.