ஜியோகேச் புதையல் இல்லை

ஒருவர் ஒரு சிறு டப்பாவை மறைத்து வைத்து, அது இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவுகளை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, இணையத்தில் போடுவார், மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். அந்த டப்பாதான் ஜியோகேச், சுருக்கமாகக் கேச். நீண்ட கார் பயணத்தில் போகிற வழியிலேயே ஜியோகேச் தேடுவதைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் ‘சாலையோரப் புதையல் வேட்டை’ என்று போட்டுவிடுகிறார்கள். ‘உங்கள் பாதையிலுள்ள புதையல்களை வேட்டையாடுங்கள்’ என்றும் ஒரு வரி படித்தேன். அதற்கு மேல் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். அந்த இரண்டு சொல்லில் புதையலும் தப்பு, வேட்டையும் தப்பு.

முதலில் வேரைப் பார்த்துவிடலாம், அது சின்னக் கதைதான். பிரெஞ்சில் ‘காஷே’ என்றால் மறைத்து வைத்தல். வட அமெரிக்கக் காடுகளில் திரிந்த பிரெஞ்சுக்காரத் தோல் வணிகர்கள், திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ள வழியில் மறைத்து வைத்த உணவையும் சரக்கையும் அதிலிருந்து ‘காஷ்’ என்று சொன்னார்கள். ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது, தமிழில் நாம் கேச் என்று எழுதுவது அதைத்தான். 1960களின் கடைசியில் கணினிக்காரர்கள் வேக நினைவகத்துக்கு அதே சொல்லை வைத்தார்கள். 2000 மே 2 அன்று ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது, துல்லியம் ஏறத்தாழ பத்து மடங்கு கூடியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டு அதன் ஆயத்தொலைவுகளை இணையத்தில் அறிவித்தார். அந்த மாதக் கடைசியில் மாட் ஸ்டம் என்பவர் ‘ஜியோகேச்சிங்’ என்ற பெயரைக் கொடுத்தார். அதற்கு முன் ‘ஸ்டாஷ்’ என்றுதான் சொல்லிவந்தார்கள். அந்தச் சொல்லில் போதைப்பொருள் வாடை அடித்ததால் மாற்றினார்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, புதையலுக்கு வருவோம். புதைத்தது புதையல். இந்த விளையாட்டின் விதியோ, கேச்சை மண்ணில் புதைக்கக் கூடாது, தேடுபவர் தோண்டவும் கூடாது என்கிறது. விதியே விலக்கி வைத்த செயலை எடுத்து விளையாட்டுக்குப் பெயராக வைத்தால், முதல்முறை வருகிற ஆள் கையில் மண்வெட்டியோடுதான் வருவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. பழந்தமிழில் புதைத்தல் என்றால் மூடுவதும்தானே, வாய் புதைத்தான், கண் புதைத்தாள் என்கிறோமே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் இன்றைக்குப் புதையல் என்ற சொல்லைக் கேட்டதும் யாருக்கு வாயும் கண்ணும் நினைவுக்கு வருகிறது? மண்ணும் குடமும் பொற்காசும்தான் வருகிறது. அல்மரின் முதல் வாளியே பாதி மண்ணுக்குள்தானே இருந்தது என்றும் சொல்லலாம். அதுவும் உண்மை. அதற்குப் பிறகு வந்த விதிதான் இன்றைய விளையாட்டு, பெயர் அதற்குத்தான் பொருந்த வேண்டும்.

அடுத்தது மதிப்பு. நெடுஞ்சாலை ஓரத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை எப்படி இருக்கும் தெரியுமா? பழைய ஃபிலிம் ரோல் டப்பா ஒன்று, அடியில் ஒட்டிய காந்தம், அது சாலைத் தடுப்புத் தகட்டின் பின்பக்கம் பிடித்துக்கொண்டிருக்கும். மூடியைத் திருகினால் சுருட்டிய காகிதத் துண்டு, ஓரமெல்லாம் ஈரம் ஏறி, முன்னால் வந்தவர்களின் பெயரும் தேதியும் பொடி எழுத்தில். அவ்வளவுதான் உள்ளே. இன்னும் சின்ன வகை விரல் நுனி அளவுதான், அதற்குள் பேனாகூட நுழையாது, நம் பேனாவைத்தான் கொண்டுபோக வேண்டும். பெயரை எழுதி, திரும்பச் சுருட்டி, இருந்த இடத்திலேயே ஒட்டவைத்துவிட்டு வண்டியைக் கிளப்ப வேண்டியதுதான். பெரிய பெட்டிகளில் சிறு பொம்மை, வில்லை என்று ஏதாவது இருக்கும், ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடான ஒன்றை வைக்க வேண்டும். இதில் புதையல் எங்கே இருக்கிறது?

வேட்டையும் அப்படித்தான். வேட்டை என்றால் பிடித்தது நம்முடையது. இங்கே கண்டுபிடித்ததை எடுத்துப்போனால் அது திருட்டு. அடுத்து வருகிறவருக்கு இருக்க வேண்டும் என்பதுதான் விளையாட்டின் உயிரே. அதோடு ‘புதையல் வேட்டை’ என்ற பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டது: விழாக்களில் துப்புச்சீட்டு கொடுத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு, முதலில் வருகிறவருக்குப் பரிசு தரும் விளையாட்டு. அதில் வெற்றி தோல்வி உண்டு, அன்றோடு முடியும். கேச் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும், நூறு பேர் கண்டால் நூறு பேருக்கும் கணக்கு. ஆங்கிலத்திலும் உலகின் மிகப்பெரிய புதையல் வேட்டை என்றுதானே விளம்பரம் செய்கிறார்கள் என்றும் என்னிடம் மறுத்துச் சொல்கிறார்கள். விளம்பரத்தில் சொல்லட்டும், ஆள் சேர்க்க அது போதும். ஆனால் பெட்டிக்குப் பெயர் வைக்கும்போது அவர்களே அந்தச் சொல்லைத் தொடவில்லையே, அதை ஏன் யாரும் கவனிப்பதில்லை?

‘புவிப்பதுக்கல்’ என்கிற இன்னொரு ஆக்கமும் உண்டு. கணினி கேச்சுக்குப் ‘பதுக்கு நினைவகம்’ என்று வைத்ததிலிருந்து கிளைத்தது. பதுக்கல் என்றதும் அரிசி மூட்டையும் கள்ளச் சந்தையும்தான் வருகிறது, முன்னால் புவியைச் சேர்த்தால் நில அபகரிப்பு மாதிரி ஒலிக்கிறது. ஸ்டாஷில் வாடை அடிக்கிறது என்று ஆங்கிலக்காரர்களே பெயரை மாற்றியபோது, நாம் மட்டும் வாடை உள்ள சொல்லைத் தேடிப் பிடிப்பானேன்? பழைய இலக்கியத்துக்குப் போனாலும் வழி சரியாக இல்லை. பாலை வழியில் அம்பு பட்டு வீழ்ந்த வழிப்போக்கர்களை மூடிய கற்குவியலுக்குப் பதுக்கை என்று பெயர், புறநானூறு 3-ஆம் பாட்டில் வருகிறது. அருமையான சொல், வழியோரம் கிடப்பதும்கூட. ஆனாலும் இந்த விளையாட்டுக்கு அது ஆகாது.

அப்படியே ஒலிபெயர்த்து எழுதிவிடலாம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில உச்சரிப்பின்படி கேஷ் என்று எழுதினால் ரொக்கம் ஆகிறது, கேச் என்று எழுதினால் கிரிக்கெட் பந்து பிடிப்பது நினைவுக்கு வருகிறது. தனியாக நிற்கும்போது இரண்டும் குழப்பம்.

என் முடிவு ‘மறைவைப்பு’. மறைத்து வைத்த வைப்பு. வைப்பு நமக்குப் புதிதல்ல, வங்கியில் வைப்புத்தொகை என்கிறோம், வள்ளுவர் 226-ஆம் குறளில் ‘பொருள்வைப்புழி’ என்கிறார். ஒருவர் வைத்தது, பின்னால் ஒருவர் வந்து பார்க்க இருப்பது என்ற இரண்டும் அதில் இருக்கிறது. மண் இல்லை, தங்கம் இல்லை, கள்ளச் சந்தை இல்லை. ‘ஒளிபெட்டி’ என்றும் யோசித்தேன், படிப்பவர் விளக்குப் பெட்டி என்று நினைப்பார் என்பதால் விட்டுவிட்டேன். விளையாட்டு ‘மறைவைப்புத் தேடல்’. முன்னால் புவி வேண்டாம். ஜியோ என்றால் பூமிதான், ஆனால் தமிழில் அது இல்லாமலே பொருள் நிற்கிறது. ஜியோ என்று கண்டதும் யோசிக்காமல் புவியை ஒட்டும் பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களை விட்டு எப்போது போகும் என்று தெரியவில்லை.

இந்த அவசரம்தான் எல்லா இடத்திலும். விளையாடிப் பார்ப்பதில்லை, விதியைப் படிப்பதில்லை, ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே அகராதியில் முதலில் நிற்பதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். பாதையைக் குறித்து, அதன் இரு பக்கமும் இவ்வளவு தூரத்துக்குள் உள்ளவற்றை மட்டும் காட்டு என்று கேட்கும் வசதிக்கு ‘வழித்தடப் புதையல் வினவல்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். ‘போகும் வழியில் உள்ள மறைவைப்புகள்’ என்று எழுதினால் யாருக்குப் புரியாது? சாலை நெடுக வரிசையாக வைத்துக்கொண்டே போவதை ஆங்கிலத்தில் பவர் டிரெயில் என்கிறார்கள், அதை ‘சக்திப் பாதை’ என்று தமிழாக்கியவர் என்ன நினைத்தாரோ. இரண்டு மறைவைப்புகளுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி, அந்தக் குறைந்த இடைவெளியிலேயே ஒன்றன் பின் ஒன்றாக வைத்துப் போவதுதான் அது. நெவாடா மாநிலத்தின் 375-ஆம் எண் சாலையில் அப்படி ஆயிரத்துக்கும் மேல் வைத்திருந்தார்கள். ‘தொடர்வைப்பு’ என்றால் முடிந்தது.

வைத்தவரை ‘உரிமையாளர்’ என்று எழுதுவதையும் நிறுத்தலாம். ஈரமான காகிதத்தை மாற்றுவதும், டப்பா காணாமல் போனால் வேறு வைப்பதும் அவர் பொறுப்பு. ‘வைத்தவர்’ என்றே எழுதுங்கள், எதிரே ‘கண்டவர்’ தானாக வந்து நிற்கும்.