டயோரமா: ஊடுகாட்சியா, வாழிடக் காட்சியா?

இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் காட்டின் ஒரு துண்டையே பெயர்த்து வைத்தாற்போன்ற காட்சிகளைக் காணலாம். முன்னே மண்ணும் சருகும் பாறையும், அவற்றினிடையே பாடம் செய்யப்பட்ட மானோ புலியோ, பின்னே தொலைவிலுள்ள மலையையும் வானத்தையும் காட்டும் ஓவியம் என மூன்றும் இணைந்து ஒரே நிலப்பரப்பாகத் தோன்றும் இவ்வமைப்பின் பெயர் டயோரமா. டியோரமா என்று எழுதுவோரும் உண்டு. முன்னது ஆங்கில ஒலிப்பையும் பின்னது பிரெஞ்சு ஒலிப்பையும் ஒட்டியது. நவராத்திரிக் கொலுவின் ஓரத்தில் மணல் பரப்பி, கேழ்வரகை முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி வீட்டுப் பிள்ளைகள் அமைக்கும் ‘பார்க்’ இதற்கு நெருங்கிய உறவுதான் என்றாலும், பின்னணி ஓவியமும் விலங்கின் முழு உருவளவும் அதில் இல்லை.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘தியா’ என்றால் ஊடாக. ‘ஹோரமா’ என்றால் காட்சி. ஆனால் இவ்விரண்டையும் இணைத்துப் பெயரிட்டவர்கள் விலங்குகளைப் பற்றி நினைக்கவே இல்லை. பின்னாளில் ஒளிப்படக் கலையின் முன்னோடியாகப் புகழ்பெற்ற லூயி தாகேர், சார்ல் மரி பூத்தோன் என்ற ஓவியருடன் சேர்ந்து 1822இல் பாரிசில் தொடங்கிய காட்சிக்கூடத்தின் பெயரே டயோரமா. ஒளி ஊடுருவும் பெரிய துணியில் ஒரு தேவாலயத்தையோ பள்ளத்தாக்கையோ தீட்டி, முன்னிருந்தும் பின்னிருந்தும் விழும் வெளிச்சத்தைத் திரைகளால் கூட்டியும் குறைத்தும், பகல் மங்கி இரவாவதைப் பார்வையாளரின் கண்முன்னே நிகழ்த்திக் காட்டினர். ஒரு காட்சி முடிந்ததும் பார்வையாளர் இருந்த அரங்கமே சுழன்று அடுத்த ஓவியத்தை நோக்கித் திரும்பியது. துணியின் ஊடே ஒளியைச் செலுத்திக் காட்டியதால், அங்கே ‘ஊடுகாட்சி’ என்ற பொருள் முற்றிலும் பொருந்தியது. 1839இல் அக்கூடம் தீக்கிரையானது. பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டு வேறு பொருளுக்குக் குடிபெயர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அருங்காட்சியகங்களில் விலங்குகள் பெரும்பாலும் இனவாரியாக, மரப்பீடங்களின் மேல் வரிசையாக நின்றன. அவற்றை அவை வாழும் இடத்தோடு சேர்த்துக் காட்டும் முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது, அமெரிக்காவின் மில்வாக்கி அருங்காட்சியகத்தில், விலங்குகளைப் பாடம் செய்யும் கலைஞரான கார்ல் ஏக்லி 1890இல் அமைத்த மஸ்க்ரேட் காட்சி. நீர்நிலையை வெட்டிக் காட்டி, அந்தக் கொறிவிலங்கின் வீட்டை நீருக்கு மேலும் கீழும் ஒருசேரத் தெரியவைத்த அக்காட்சி இன்றும் அங்கே இருக்கிறது. 1893இல் ஸ்டாக்ஹோமில் திறக்கப்பட்ட உயிரியல் அருங்காட்சியகம், கட்டடத்தையே இத்தகைய காட்சிக்காகக் கட்டியது.

இதன் தொழில்நுட்பத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பின்சுவரை வளைவாகக் கட்டுகிறார்கள். மூலை தெரிந்தால் வானம் சுவராகிவிடும். தொடுவானக் கோட்டைப் பார்வையாளரின் கண்மட்டத்தில் வைக்கிறார்கள். மண் முடிந்து ஓவியம் தொடங்கும் விளிம்பை ஒரு புதரோ பாறையோ மறைத்திருக்கும். இலைகளை மெழுகிலோ வேறு பொருளிலோ வார்த்து வண்ணம் பூசுவார்கள். எல்லாவற்றையும்விடக் கடினமானது விளக்கமைப்பு: மானின் நிழல் தவறிப்போய்த் தொலைதூர வானத்தின் மேல் விழுந்துவிட்டால், அத்தனை உழைப்பும் ஒரு நொடியில் வெறும் வண்ணச் சுவராகிவிடும். காட்சியில் வருவது ‘ஏதோ ஒரு காடு’ அன்று என்பதும் கவனிக்கத்தக்கது. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1936இல் திறக்கப்பட்ட ஏக்லி கூடத்தில் கொரில்லாக்களுக்குப் பின்னே விரிவது ஆப்பிரிக்காவின் மிக்கேனோ மலைப்பகுதி. ஏக்லி 1926இல் இறந்து அடக்கமானதும் அம்மலையில்தான்.

இனி இதற்கான தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். ‘முப்பரிமாணக் காட்சி’ என்று எழுதுவது வழக்கமாகி வருகிறது. சிலையும் முப்பரிமாணம், கண்ணாடி அணிந்து பார்க்கும் திரைப்படமும் முப்பரிமாணம். மேலும் டயோரமாவின் சிறப்பே அதன் பின்பாதி தட்டையான ஓவியமாக இருந்தும் ஆழமாகத் தோன்றுவதுதான். ‘மாதிரிக் காட்சி’ மிகப் பொதுவானது. ‘காட்சிப்பேழை’ பெட்டியைக் குறிக்குமே தவிர உள்ளிருப்பதைக் குறிக்காது. வேரை அப்படியே பெயர்த்த ‘ஊடுகாட்சி’ தாகேரின் துணிக்குப் பொருந்தும். இன்றைய வாசகருக்கோ அது எக்ஸ்ரே படத்தை நினைவூட்டும். ‘சூழற்காட்சி’ அழகான ஆக்கம்தான். ஆனால் பார்ப்பவரைச் சுற்றிலும் விரியும் பனோரமாவோடு அது குழம்பும். பனோரமாவில் சூழப்படுபவர் பார்வையாளர், டயோரமாவில் சூழப்படுவது விலங்கு.

இக்காட்சியில் விலங்கோடு சேர்த்து அது வாழும் இடமும் காட்சிப்பொருளாகிறது என்பதால், ‘வாழிடக் காட்சி’ என்பதே இயற்கை வரலாற்றுத் துறைக்குச் சரியான சொல் என்பது என் கருத்து. வாழிடம் என்ற சொல் பாடநூல் வழியே மாணவருக்கும் பழகியது. மைசூரில் காரஞ்சி ஏரிக்கரையில் 1995இல் திறக்கப்பட்ட மண்டல இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தென்னிந்தியாவின் உயிர்வளத்தைக் காட்டும் இத்தகைய அமைப்புகளை ‘வாழிடக் காட்சிகள்’ என்று தயக்கமின்றி எழுதலாம். போர்க்களம், பழங்காலச் சந்தை, ரயில் நிலையம் ஆகியவற்றின் சிறு வடிவ அமைப்புகளுக்கு இச்சொல் பொருந்தாது. அங்கே டயோரமா என்றே எழுதுவதில் குறையொன்றுமில்லை.