மருந்தில்லாத நோயும் பெற்றோரின் குறிப்பேடும்

மரபணு நோயுள்ள குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர் என்ற முறையில், இந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை என்று பெற்றோரிடம் நான் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது. அதிர்ச்சி சற்றே தணிந்தபின், இரண்டாவது அல்லது மூன்றாவது முறை வரும்போது, "ஆராய்ச்சி நடக்க நாங்கள் என்ன செய்யலாம், டாக்டர்?" என்று பலர் கேட்கிறார்கள். நிதி திரட்டுவதுதான் அவர்கள் மனத்தில் முதலில் இருக்கிறது. அதுவும் தேவைதான் என்றாலும், அதற்கு முன்பே ஒரு குறிப்பேட்டைத் தொடங்கச் சொல்கிறேன்.

காரணத்தை விளக்க நான் எடுத்துக்கொள்வது, குழந்தைப் பருவத்திலேயே உடலை முதுமையடையச் செய்யும் புரொஜீரியா நோயின் வரலாறு. 1998இல் தம் மகன் சாமுக்கு இந்நோய் இருப்பதை அறிந்த லெஸ்லி கோர்டனும் ஸ்காட் பெர்ன்ஸும் மருத்துவர்கள். ஆயினும் கைகொடுக்க அவர்களுக்கு ஆய்வு எதுவும் அநேகமாக இல்லை. மறு ஆண்டே புரொஜீரியா ஆய்வு அறக்கட்டளையை நிறுவி, நோயுற்ற குழந்தைகளின் பதிவேட்டையும் செல், திசு மாதிரிகளின் வங்கியையும் உருவாக்கினார்கள். 2003இல் நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது. பழுதான புரதத்தோடு ஒரு கொழுப்பு மூலக்கூறு இணைவதைத் தடுத்தால் பாதிப்பு குறையலாம் என்று தெரிந்ததும், முதலில் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட லோனாஃபார்னிப் என்ற மருந்து கவனத்துக்கு வந்தது.

2007இல் தொடங்கிய முதல் மருந்துச் சோதனையில் 16 நாடுகளைச் சேர்ந்த 28 குழந்தைகள்தான் இருந்தார்கள். மருந்து பெறுவோர், பெறாதோர் என இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட அந்த எண்ணிக்கை போதாது. ஆகவே மருந்துக்கு முன் ஒவ்வொரு குழந்தைக்கும் எடை கூடிவந்த வேகத்தையே அளவுகோலாக வைத்தார்கள். அந்த வேகத்தைக் கணக்கிட உதவியவை பெற்றோர் வீட்டில் தொடர்ந்து எடுத்துவைத்த எடைகள். சோதனையை முடித்த 25 பேரில் 9 பேருக்கு அவ்வேகம் குறைந்தபட்சம் 50 விழுக்காடு உயர்ந்திருந்ததென 2012இல் முடிவுகள் வெளியாயின. 2020 நவம்பரில் அமெரிக்காவில் அம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அது ஆயுளை நீட்டுகிறது, நோயை நீக்குவதில்லை. சாம் 2014 ஜனவரியிலேயே, 17 வயதில், இறந்துவிட்டான். இதைப் பெற்றோரிடம் மறைப்பது சரியல்ல என்பது என் கருத்து.

குறிப்பேட்டில் நாள், எடை, உயரம், வலிப்பு வந்தால் அதன் நேரம், கற்ற திறனும் இழந்த திறனும் இருந்தால் போதும். மரபணுப் பரிசோதனை அறிக்கையின் முழு நகலையும் பத்திரப்படுத்துங்கள். எந்த மாற்றம் என்பது துல்லியமாகத் தெரியாமல் பல சோதனைகளில் சேர இயலாது. சோதனையில் சேரப் பெருந்தொகை கேட்பவர்களிடம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் அரசுப் பதிவு எண்ணையும் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் விலகிவிடுங்கள்.

டூஷேன் தசைச்சிதைவு உள்ள சிறுவனின் தாய் ஒருவர், மகன் தரையிலிருந்து எழுவதை மாதந்தோறும் ஒரே இடத்தில் வைத்துக் காணொளியாக எடுத்துவந்தார். அவன் நடை நின்றபோது, இனி எடுத்துப் பயனில்லை என்று அழுதார். நடக்க முடியாத சிறுவர்களைப் பல சோதனைகள் சேர்க்காததற்கு, அவர்களிடம் எதை அளப்பது என்ற தெளிவின்மையும் ஒரு காரணம் என்று அவரிடம் சொன்னேன். இப்போது அவன் தம்ளரை வாய்வரை உயர்த்துவதை மாதந்தோறும் எடுத்துவருகிறார்.