பூட்டிய வீடு: காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவதும், திருட்டு நடந்தால் சட்டம் தருவதும்

பொங்கலும் கோடை விடுமுறையும் தீபாவளியும் நெருங்கும்போது, வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் செல்வோர் தங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் தகவல் தெரிவித்துவிட்டுச் செல்லுமாறு தமிழ்நாட்டின் மாநகரக் காவல் ஆணையர்களும் மாவட்டக் கண்காணிப்பாளர்களும் கேட்டுக்கொள்வது வழக்கம். அந்த அறிவிப்பைப் படிப்பவர்கள் பலர். படித்துவிட்டு நிலையத்துக்குப் போகிறவர்கள் சிலரே. ஸ்டேஷன் படியேறுவதில் இருக்கும் தயக்கம் ஒரு காரணம். போனால் என்ன கிடைக்கும் என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியாதது இன்னொரு காரணம்.

கிடைப்பது ரோந்துக் காவலரின் கவனம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வீடு பூட்டியிருக்கும், தொடர்புகொள்ள வேண்டிய எண் எது, சாவி யாரிடம் இருக்கிறது, செடிக்குத் தண்ணீர் ஊற்றவோ நாய்க்குச் சோறு வைக்கவோ யார் வந்து போவார்கள், வாசலில் எந்த வண்டி நிற்கும் என்பவற்றை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. அதன்பின் இரவு ரோந்து செல்பவர் அந்தத் தெருவில் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டிய வீடு எது என்று தெரிந்து பார்க்கிறார். தெரியாத தெருவில் சும்மா ஓட்டிக்கொண்டு போவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ஆனால் வாசலில் யாரையும் காவலுக்கு நிறுத்தும் ஏற்பாடு இது அன்று. தகவல் கொடுத்த வீட்டில் திருட்டு நடந்தால் காவல் துறை இழப்பீடு தரும் என்பதும் இல்லை. ஆந்திரப் பிரதேசத்தில் எல்.எச்.எம்.எஸ். என்ற பெயரில், செயலி வழியாகக் கேட்டுக்கொள்பவரின் வீட்டுக்குள் அசைவைக் கண்டறியும் கேமராவைக் காவல் துறையே பொருத்தி, கட்டுப்பாட்டு அறையிலிருந்து கண்காணிக்கும் முறை உண்டு. இங்குள்ள ஏற்பாடு, பெரும்பாலும், எழுதிக் கொடுப்பதும் எட்டிப் பார்ப்பதுமாகவே இருக்கிறது. ஊர் திரும்பியதும் நிலையத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் உங்கள் வீட்டு விளக்கு எரிவதைப் பார்த்து நள்ளிரவில் உங்கள் கதவையே தட்டுவார்கள்.

வீடு பூட்டியிருப்பதை ஊருக்கு அறிவிப்பது பெரும்பாலும் வாசல்தான். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூன்று நாள் செய்தித்தாள் கேட்டுக்குள் சுருட்டியபடியே கிடந்தது, கோலம் போடாத வாசலில் வேப்பஞ்சருகு சேர்ந்திருந்தது, பகல் முழுக்க வராந்தா விளக்கு எரிந்தது. நான்காம் நாள் காலையில் பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்கியது. திருட வந்தவர் துப்பறிய வேண்டிய வேலை எதுவும் அங்கே இருக்கவில்லை. பேப்பரையும் பாலையும் நிறுத்தச் சொல்வது, பக்கத்து வீட்டாரை வாசல் தெளித்து நாலு புள்ளி வைக்கச் சொல்வது, கேட்டின் பூட்டை உட்புறமாகத் தொங்கவிடுவது ஆகியவற்றுக்குச் செலவே இல்லை. சாவியைப் பூந்தொட்டிக்கு அடியிலும் செருப்பு அலமாரியிலும் மீட்டர் பெட்டியிலும் வைக்கும் பழக்கத்தை நம்மைப் போலவே திருடர்களும் அறிவார்கள். இரும்புப் பீரோவை ஜன்னலை ஒட்டி வைக்கக் கூடாது; கம்பியை உள்ளே விட்டுப் பீரோவை ஜன்னலருகே இழுத்துத் திறப்பதற்கு ‘பீரோ புல்லிங்’ என்று பெயரே வந்துவிட்டது.

இனி, நடக்கக்கூடாதது நடந்துவிட்டால் சட்டப்படி உங்களுக்குள்ள உரிமைகள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவின்படி, குடியிருக்கும் வீட்டில் திருடினால் 7 ஆண்டு வரை சிறை. திருடும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தோ கதவைப் பெயர்த்தோ இரவில் நுழைந்திருந்தால் 331ஆம் பிரிவின்படி 14 ஆண்டு வரை. இந்த எண்கள் புகார் கொடுப்பவருக்கும் பயன்படும். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாள் பூர்வாங்க விசாரணை நடத்திவிட்டு வழக்குப் பதிவு செய்யப் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இடம் தருகிறது. வீட்டுத் திருட்டு அந்த வரம்புக்குள் வராது. ஆகவே மனு ஏற்பு ரசீதான சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்து அனுப்பினால், முதல் தகவல் அறிக்கையையே கேட்கலாம். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் எழுதலாம், அதற்கும் பலன் இல்லையென்றால் நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம்.

நீங்கள் டெல்லியில் இருக்கிறீர்கள், பக்கத்து வீட்டு அக்கா போன் செய்து கதவு திறந்து கிடக்கிறது என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் வந்துதான் புகார் கொடுக்க வேண்டும் என்பதில்லை. அந்த அக்காவே 112 அல்லது 100க்குத் தகவல் சொல்லலாம். நீங்கள் இருக்கும் ஊர்க் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், ஏனெனில் குற்றம் எந்த எல்லையில் நடந்தது என்ற காரணத்தால் அதைத் தட்டிக் கழிக்க முடியாது. மின்னணு வழியாகவும் அனுப்பலாம், ஆனால் மூன்று நாளுக்குள் அதில் கையொப்பமிட வேண்டும். அக்காவிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது, யாரும் உள்ளே போய்ப் பீரோவைத் தொடவோ சிதறிக் கிடப்பதை அள்ளி வைக்கவோ கூடாது என்பது. நல்ல மனதோடு பெருக்கித் துடைத்த வீட்டில் விரல்ரேகை நிபுணருக்கு எடுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

புகாரில் ‘சுமார் இருபது சவரன்’ என்று எழுதுவதற்கும், ஒவ்வொரு நகையின் கிராம் எடை, பில், போட்டோ ஆகியவற்றை இணைப்பதற்கும் இடையே உள்ள தூரம், நகை மீட்கப்பட்ட பிறகுதான் தெரியும். 2023 ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும், அதைக் குறித்து வைத்திருந்தால், அடகுக் கடையில் பிடிபட்ட வளையல் உங்களுடையதுதான் என்று காட்டுவது எளிது. புகார்தாரருக்கு 90 நாளுக்குள் விசாரணையின் நிலையைத் தெரிவிக்க வேண்டும் என்பதும் புதிய நடைமுறைச் சட்டத்தில் உண்டு. மீட்ட பொருளை வழக்கு முடியும்வரை நீதிமன்றத்திலேயே வைத்திருக்க வேண்டியதில்லை: அதே சட்டத்தின் 497ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் பட்டியலும் படமும் எடுத்து, அதன்பின் 30 நாளுக்குள் யாரிடம் ஒப்படைப்பது என்று நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். அதற்கு மனுப் போடுவது நம் வேலை.

காப்பீட்டில் பலர் ஏமாறுவது பெயரால். 2021 முதல் விற்கப்படும் ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ பாலிசி தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது. அப்படியான விபத்தைத் தொடர்ந்து ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே அதில் அடங்கும். பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனியாகப் பாதுகாப்பு வாங்க வேண்டும், வாங்கும்போது வீடு தொடர்ந்து எத்தனை நாள் ஆளில்லாமல் இருக்கலாம் என்ற நிபந்தனையைப் படித்துப் பார்க்க வேண்டும். நகையை வங்கி லாக்கருக்கு மாற்றுவோருக்கும் ஒரு கணக்கு உண்டு: ரிசர்வ் வங்கியின் விதிப்படி, லாக்கரில் திருட்டு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு. வாடகை 3,000 ரூபாய் என்றால், உள்ளே எத்தனை சவரன் இருந்தாலும், 3 லட்சம்.